கைக்கு வந்த கணக்கு

ரோம் நகரம்! சீசர்களின் சிங்காதனம், போப்பாண்டவரின் பீடம், பளிங்குச் சிலைகளின் களஞ்சியம் என்றெல்லாம் பாடப்புத்தகத்திலே படித்திருக்கிறோமே, அந்த ரோம் நகரம். அங்கே சான் லோரன்சோ என்றொரு பகுதி உண்டு. பாடப்புத்தகத்திலே அதற்கு இடமில்லை. கொள்ளை இலாபம் வருமென்று கட்டட வியாபாரிகள் கட்டத் தொடங்கி, கடன் முற்றியதும் பாதியிலே கைவிட்டுப் போன அடுக்கு வீடுகள் அங்கே இருந்தன. ஓர் அறையிலே இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். ஒளி இல்லை, காற்று இல்லை, நல்ல தண்ணீருக்கும் வழியில்லை. உழைத்து உழைத்து உருக்குலைந்தோர் இரவு வந்து முடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

அந்த வீடுகளைக் கம்பெனி ஒன்று வாங்கிற்று, பழுது பார்த்தது, வாடகைக்கு விட்டது. குடி வந்தவர்கள் கூலிக்காரர்கள். விடிந்ததும் அப்பன் ஒரு பக்கம், அம்மை ஒரு பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு? மாடிப்படி உண்டு, தெருப்புழுதி உண்டு, புதிதாக வெள்ளையடித்த சுவர் உண்டு, கையிலே ஒரு கரித்துண்டும் உண்டு! கம்பெனிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தனர். சுவருக்கு மாதாமாதம் வெள்ளையடிப்பது இலாபமா? ஓர் அறையை ஒதுக்கி, இந்த வானரப் படையை அடைத்து வைத்து, காவலுக்கு ஒரு பெண்ணை அமர்த்துவது இலாபமா? அறைதான் இலாபம் என்று விடை வந்தது. 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் அந்த அறை திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று பெயரிட்டார்கள். கருணை பிறப்பித்த இல்லமல்ல, தோழர்களே, கணக்குப் பிறப்பித்த இல்லம்!

மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் அம்மையாரை அழைத்தார்கள். வயது முப்பத்தாறு. பெயர் மரியா மாண்டிசோரி.

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், இத்தாலியிலே அங்கோனாவுக்கு அருகே கியாரவல்லே என்ற சிற்றூரிலே பிறந்தவர். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். பெண் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேலே ஆசைப்படலாகாது என்பது அந்நாளைய இத்தாலியின் எழுதாத சட்டம். இந்தப் பெண்ணோ, ஆசிரியை வேலை ஒன்றைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் செய்வேன் என்று நின்றது! பொறியியல் படிக்கப்போகிறேன் என்று பையன்கள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளியிலே சேர்ந்தது. பிறகு மருத்துவம் என்றது. வீட்டிலே எதிர்ப்பு, வெளியிலே ஏளனம். ரோம் பல்கலைக்கழகத்திலே மாணவர்களோடு ஒன்றாக நின்று ஒரு பெண் பிணம் அறுக்கலாமா? மானம் போய்விடாதா? எல்லோரும் போன பிறகு, மாலை நேரத்திலே, தன்னந்தனியே பிணங்களோடு நின்று அறுத்துப் படித்தார். 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெர்லினில் நடந்த மாதர் மாநாட்டுக்கு இத்தாலியின் பிரதிநிதியாகச் சென்று, ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி ஏன் என்று கேட்டார். கேட்டு நூற்றாண்டு கடந்துவிட்டது; பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

மருத்துவ வேலை அவரைப் பைத்தியக்கார விடுதிகளுக்கு அழைத்துச் சென்றது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அந்நாளிலே அங்கேதான், பித்தம் முற்றிய பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறுஞ்சுவர், வெறுந்தரை. தொடுவதற்குக்கூட ஒரு பொருள் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தரையிலே சிந்திய ரொட்டித் துணுக்கை அந்தப் பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து பொறுக்கின. சீ, பெருந்தீனிக் கூட்டம் என்று முகம் சுளித்தாள் காவற்காரி. அம்மையாருக்கு வேறொன்று தோன்றிற்று: வயிற்றுப் பசி அல்ல, இது கைப் பசி! கையினால் தடவ, உருட்ட, பிரிக்க, சேர்க்க ஒரு பொருளும் இல்லாத அறையிலே, ரொட்டித் துணுக்குத்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பொம்மை. இந்த நிகழ்ச்சியை அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நூல்களைத் தேடினார். பிரெஞ்சு நாட்டிலே இத்தார், செகேன் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளுக்குக் கண், காது, கை ஆகியவற்றின் வழியே அறிவு ஊட்ட முனைந்து, எழுதியும் வைத்திருந்தார்கள். தேடுவாரற்றுக் கிடந்த அந்த ஏடுகளைத் தம் கையாலேயே முதலிலிருந்து கடைசிவரை இத்தாலிய மொழியிலே எழுதினார், ஒவ்வொரு சொல்லையும் எடை போட வேண்டும் என்பதற்காக. ரோமாபுரியில் 1900-இல் இக்குழந்தைகளுக்கென்றே தொடங்கிய பள்ளியிலே, காலையிலிருந்து இரவுவரை அவர்களோடு இருந்தார். மூடம், உதவாக்கரை என்று தள்ளப்பட்ட பிள்ளைகளிலே சிலர், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பொதுத் தேர்வு எழுதித் தேறினர்! ஊரே வியந்தது. மாலை போடவும் மேளம் கொட்டவும் ஆள் வந்துவிட்டது. அம்மையாரோ மகிழவில்லை, மலைத்தார். நோயுற்ற பிள்ளை இந்த உயரத்துக்கு வர முடியுமென்றால், நோயில்லாத பிள்ளையை இதே உயரத்திலே நிறுத்தி வைத்திருக்கிறதே நம் பள்ளிக்கூடம், அது என்ன பள்ளிக்கூடம்? இந்தக் கேள்வியோடுதான் ஏழாண்டு கழித்துச் சான் லோரன்சோவுக்குள் நுழைந்தார்.

ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அழுக்கு, அழுகை, அச்சம். பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவளோ பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லள், எளிய குடும்பத்துப் பெண். அதுவும் நல்லதாயிற்று. மெத்தப் படித்த வாத்தியார் வந்திருந்தால், அம்மையார் சொன்னதைக் கேட்பதற்கு முன்பே உபதேசத்தைத் தொடங்கியிருப்பார்!

செகேன் வழியிலே செய்து வைத்திருந்த பொருள்களை அப்பிள்ளைகள் முன்னே வைத்தார். ஒரு மரக்கட்டை, அதிலே பத்துக் குழிகள், பத்துக் குழிக்கும் பத்து மர உருளை. ஒன்று பருமன், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மெல்லியது, இப்படிப் படிப்படியாக. உருளைகளை எடுத்துக் கலைத்துவிட்டு, அதனதன் குழியிலே பொருத்த வேண்டும். பருமன் தவறினால் உள்ளே போகாது. மெல்லியதைப் பெரிய குழியிலே போட்டால் கடைசியிலே ஓர் உருளை இடமில்லாமல் கையிலே நிற்கும். தவறு என்று சொல்ல ஆசிரியை வேண்டாம், பிரம்பும் வேண்டாம், கட்டையே சொல்லும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அதிலே உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் செய்தார்கள், அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார்கள்; கட்டையை மடியிலே அணைத்துக்கொண்டு மேலே போய் அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல்! அப்புறம் தூக்கத்திலிருந்து விழிப்பவள்போல நிமிர்ந்து சிரித்தாள். வேலையற்ற பிள்ளைகள் சுவரிலே கிறுக்கிய அதே வீட்டிலே நடந்தது இது.

இதிலே கணக்கு எங்கே வந்தது என்கிறீர்களா? அங்கேதான் வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கனசதுரக் கட்டையையும் செங்கல் வடிவக் கட்டையையும் தொட்டுப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிப்பார்கள் அந்தப் பிள்ளைகள். பிறகு நாணயங்கள், பிறகு சின்னஞ்சிறு தானிய மணிகள். இது இதனோடு சேரும், இது சேராது. இது அதைவிடப் பெரிது, அது இதைவிடச் சிறிது. இந்தப் பிரிவினையும் வரிசையும் கைக்குப் பழகிய பிறகுதான் எண். நம் பள்ளிகளிலே என்ன செய்தோம்? எண்ணின் பெயரை முதலிலே நாக்கிலே ஏற்றினோம். பொருளைக் கடைசியிலேகூடக் கையிலே கொடுக்கவில்லை. நான் படித்த தொடக்கப் பள்ளியிலே பதினாறாம் வாய்ப்பாடுவரை இராகம் போட்டு ஒப்பிப்பேன். சட்டாம்பிள்ளை வேலைகூடக் கிடைத்தது. ஏழு மாங்காயை மூன்று பேருக்குப் பங்கிடச் சொன்னால் விழிப்பேன்!

அம்மையார் செய்தது என்ன? பத்துக் கோல்கள். முதற்கோல் பத்துச் செண்டிமீட்டர் நீளம், அடுத்தது இருபது, கடைசிக் கோல் ஒரு மீட்டர். பத்துச் செண்டிமீட்டருக்கு ஒரு நிறம்: சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். ஐந்தாம் கோலைப் பிள்ளை தூக்கும்போது ஐந்து என்பது சிதறிக் கிடக்கும் ஐந்து அல்ல, கைப்பிடிக்குள் ஒன்றாக நிற்கும் ஐந்து. ஒன்பதின் முனையிலே ஒன்றை வை. பத்துக்குச் சமமாக நிற்கும். எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு. அதுவும் பத்து, அதுவும் பத்து! ஐந்து மட்டும் துணையில்லாமல் நிற்கும். அதைப் புரட்டிப் போட்டு நீளத்தைத் தொடர்ந்தால் இரண்டு ஐந்து, பத்து. கூட்டலும் பெருக்கலும், தரையிலே தவழும் பிள்ளைக்குத் தரையிலேயே கிடைத்துவிட்டன. எண் வடிவத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையிலே ஒட்டிக் கொடுத்தார். விரலால் தடவித் தடவி, எழுதுகோல் பிடிப்பதற்கு முன்பே எழுத்தின் போக்கு விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது ஒரு பெட்டி. பத்து அறைகள், சுழி முதல் ஒன்பதுவரை எழுதியிருக்கும். நாற்பத்தைந்து மரக் கதிர்கள். ஒன்றின் அறையிலே ஒன்று, இரண்டின் அறையிலே இரண்டு. சரியாகப் போட்டால் கடைசியிலே கையிலே ஒன்றும் மிஞ்சாது, குறையாது. சுழியின் அறை? அது வெறுமையாக இருக்கும். அதை ஏன் வெறுமையாக விட வேண்டும் என்பது குழந்தைக்குப் பெரும் புதிர். அம்மையார் ஒரு விளையாட்டு வைத்தார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, என்னிடம் சுழித் தடவை வா என்பார். அது ஓடிவரும். சுழித் தடவைதானே வரச் சொன்னேன், நீ ஒரு தடவை வந்துவிட்டாயே என்பார். அது விழிக்கும். பிறகு ஒருநாள் புரிந்துவிடும். கூப்பிடக் கூப்பிட எல்லாப் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருந்து சிரிப்பார்கள்.

இன்னொரு விளையாட்டு உண்டு. அதைப் படித்தபோது என் நெஞ்சு சற்று நின்றது. சீட்டுகளிலே எண்ணை எழுதி மடித்துக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் செய்வார்கள். பிரித்துத் தனக்குள் படித்து, மேசைக்குப் போய் அந்த எண்ணிக்கைக்குச் சாமான்களை எடுத்து வந்து தன் இடத்திலே அடுக்கி வைக்க வேண்டும். ஒன்பது வந்தவன் ஓடி ஓடி அள்ளி வருவான். சுழி வந்த பிள்ளை? எழுந்திருக்கக் கூடாது. எல்லோரும் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். எத்தனை கடினம் பாருங்கள், நான்கு வயதிலே! அந்த முகங்களை அம்மையார் கூர்ந்து பார்த்தார். சிலர் வீரர்கள்போல நிமிர்ந்து உட்கார்ந்தனர். சிலர் கண்ணிலே ஏக்கம் வழிந்தது. அங்கே அது விளையாட்டு. மறு ஆட்டத்திலே சீட்டு மாறும். பிறவியிலேயே சுழிச் சீட்டைக் கையிலே திணித்து, தலைமுறை தலைமுறையாக எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார வைத்த நாடு நம்முடையது. சீட்டை மாற்றுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே அடுக்க வேண்டியதில்லை.

பின்னாளில் பொன்னிற மணிகள் வந்தன. தனி மணி, ஒன்று. பத்து மணி கம்பியிலே கோத்தால், பத்து. பத்துக் கம்பி சேர்ந்தால் சதுரம், நூறு. பத்துச் சதுரம் அடுக்கினால் கட்டி, ஆயிரம். ஆயிரத்தைப் பிள்ளை இரண்டு கையாலும் தூக்க வேண்டும், கனக்கும். ஒன்றுக்குப் பக்கத்திலே சுழியைப் போட்டால் பத்தாகும் என்று நாம் கரும்பலகையிலே காட்டும் மாயத்தை, அந்தப் பிள்ளை எடையாக அறிந்துகொள்கிறது. 1934-இல் பார்சலோனாவில் வெளியிட்ட தம் எண்கணித நூலிலே இதையெல்லாம் விரித்து எழுதினார் அம்மையார்.

புகழ் பொங்கிற்று. 1909-இல் முதல் நூல், 1912-இல் ஆங்கிலத்திலே வந்தது, 1913-இல் அமெரிக்கா. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியிலே கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை; உள்ளே பிள்ளைகள் வேலையிலே மூழ்கியிருக்க, வெளியே கூட்டம் வேடிக்கை பார்த்தது. எதிர்ப்பும் வந்தது. கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பொருள்கள் குறுகியவை, கற்பனைக்கு இடமில்லை என்று 1914-இல் ஒரு நூலே எழுதினார். அதிலே சற்று நியாயமும் உண்டு. அம்மையாரிடம் மற்றொரு குறையும் உண்டு: பொருளை இப்படித்தான் செய்ய வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி என் வழியேதான் என்று இறுக்கிப் பிடித்தார். கலப்படம் வந்துவிடும் என்ற அச்சம். விளைவு, கூலிக்காரன் வீட்டிலே பிறந்த முறைக்கு விலை ஏறிற்று.

புகழ்மாலைக்குப் பின்னே ஒரு துயரமும் இருந்தது. மரியோ என்ற மகன் அவருக்கு 1898-இல் பிறந்தான், உடன் பணியாற்றிய டாக்டர் ஒருவரின் பிள்ளை, மணம் நடக்கவில்லை. ஊராரின் வாய்க்கு அஞ்சி, குழந்தை கிராமத்திலே வளர்ந்தது. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி தேடியவர் தம் குழந்தையைத் தம் பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. குற்றம் யாருடையது? பெண்ணை மட்டும் கூண்டிலேற்றும் சமுதாயத்தைக் கேளுங்கள்!

மறைக்கக் கூடாத மற்றொன்று: முசோலினி. 1924-இல் அவன் ஆதரவுக் கரம் நீட்டினான், அம்மையார் பற்றிக்கொண்டார். இத்தாலியிலே பள்ளிகள் பெருகின. எனக்கு அரசியல் இல்லை, குழந்தை ஒன்றே போதும் என்று நினைத்தார் போலும். சர்வாதிகாரியின் வீட்டிலே அப்படி ஒரு தனி அறை கிடைக்குமா? பிள்ளைகளுக்குக் கருஞ்சட்டைப் படையின் சீருடை, கை நீட்டி வணக்கம், ஆசிரியருக்கு விசுவாசப் பிரமாணம் என்று வளர்ந்தபோது பொறுக்க முடியாமல் விலகினார். பத்தாண்டு கழித்துத்தான் விலகினார். 1934-இல் இத்தாலியிலே அவருடைய பள்ளிகளுக்குப் பூட்டு. செருமனியிலே இட்லர் அதற்கு முன்பே பூட்டிவிட்டான். தவறை இது கழுவிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தானே எண்ணிப் பார்த்து, தானே தவறைக் கண்டு திருத்திக்கொள்ளும் குழந்தை எந்தச் சர்வாதிகாரிக்கும் உதவாது என்பது அந்த இருவருக்கும் புரிந்திருந்தது. பார்சலோனா போனார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர். பிரிட்டிஷ் கப்பலிலே தப்பி, ஆலந்து நாட்டிலே தங்கினார்.

பிறகுதான் நம் கரைக்கு வந்தார். 1939-இல், அறுபத்தொன்பது வயதிலே, அருண்டேலும் ருக்மணி தேவியும் அழைக்க, அடையாறு பிரம்மஞான சபைத் தோப்புக்கு. முந்நூறு பேர்போல் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிலே பேச, மரியோ ஆங்கிலத்திலே சொன்னார். சில மாதங்களுக்கென்று வந்தவர். 1940 சூனில் இத்தாலி போரிலே குதித்ததும், பிரிட்டிஷ் சர்க்காருக்கு அவர் பகைநாட்டுப் பிரஜை. மகனை அகமத்நகர் முகாமிலே அடைத்தார்கள். தாயை அடையாற்றுக்குள் நிறுத்தினார்கள். அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று, பரிசாக மகனை விடுவிப்பதாக அறிவித்தார் வைசிராய். அந்த அறிவிப்பிலே மரியோ, அம்மையாரின் மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். நாற்பதாண்டு ஊர் மறுத்த உறவை, சிறை வைத்த சர்க்காரின் காகிதம் ஒப்புக்கொண்டது! கொடைக்கானலில் இருவரும் சில ஆண்டுகள் பள்ளி நடத்தினார்கள். 1946-இல் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் வந்து 1949 வரை இங்கே பயிற்சி நடத்தினார். கத்தோலிக்க பக்தை, தங்கியதோ பிரம்மஞானிகளின் தோட்டம். அவருடைய ஜெபமாலை அவருக்கு. நமக்கு வேண்டியது அந்தப் பொன்னிற மணிமாலை.

1952 மே 6-ஆம் நாள் ஆலந்திலே, நோர்ட்வெய்க் என்ற கடற்கரை ஊரிலே இறந்தார், வயது எண்பத்தொன்று. அங்கேயே அடக்கம் செய்தார்கள். பள்ளியைப் பூட்டிய இத்தாலி, 1990-இல் தன் ஆயிரம் லிரா நோட்டிலே அவர் முகத்தை அச்சிட்டது. 2002-இல் யூரோ வந்ததும் அந்த நோட்டு போயிற்று.

இங்கே அவர் பெயர் பலகையிலே நின்றது. மாண்டிசோரி என்று எழுதினால் கட்டணம் கூடும். அரசுப் பள்ளிக்கு இதெல்லாம் எட்டாது என்றார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளிலே மாநிலமெங்கும் சென்றது. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. மணியும் கோலும் அட்டையும் ஏழைப் பிள்ளையின் வகுப்பறைக்குள் நுழைந்தன. நுழைந்த எல்லா இடத்திலும் பிள்ளையின் கைக்குப் போயிற்றா?

ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன், ஊர்ப்பெயர் வேண்டாம். கணக்குச் சாமான் எங்கே என்று கேட்டேன். பெருமையோடு பீரோவைத் திறந்து காட்டினார்கள். பெட்டி பெட்டியாக மணிகள், உறைகூடப் பிரிக்கவில்லை. தொலைந்துவிடும் ஐயா, தணிக்கைக்கு வருவார்களே என்றார் தலைமையாசிரியர். அவரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தொலைந்த மணிக்குத் தம் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டுமோ என்ற அச்சம் அவருக்கு. வெளியே வந்தேன். வேப்பமரத்தடியிலே நான்கு பிள்ளைகள் புளியங்கொட்டைகளைக் கொட்டி, முழுசு ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆளுக்கு ஐந்தாகப் பங்கு நடந்தது. மூன்று பேருக்கு ஐந்து வந்தது. கடைசிப் பெண்ணின் உள்ளங்கை வெறுமையாக நின்றது. அவள் அழவில்லை. மூன்று பங்கையும் ஒன்றாகத் தள்ளிக் குவித்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.